மனுவில் கையெழுத்துப் போடுவதற்கு முன்

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் செங்காங்கில் வசிக்கிறோம். மகளுக்கு 13 வயது, உயர்நிலை ஒன்றில் படிக்கிறாள். மகன் தொடக்கநிலை நான்கு. மகள் கைப்பேசியில் விளையாடும் ஒரு விளையாட்டில், தானும் உயர்நிலை மாணவன்தான் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் மூன்று வாரமாக அவளோடு பேசியிருக்கிறான். அப்புறம் பேச்சு வேறு மாதிரிப் போய், கடைசியில் படம் அனுப்பச் சொல்லியிருக்கிறான். அவள் அனுப்பவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்துவிட்டு என்னிடம் வந்து சொன்னாள். என் கணவர் அன்றிரவே ரவுட்டரைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். அவளுடைய கைப்பேசியையும் வாங்கிக்கொண்டார். "உங்ககிட்ட சொல்லியே இருக்கக் கூடாது" என்று அவள் அழுதாள்.

பெயர் சொல்லாமல் எங்கள் புளோக்கின் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் இதைப் பகிர்ந்தேன். இரண்டே நாளில் ஒரு மனு தயாராகிவிட்டது. எல்லா வீட்டு இணையத்திலும் தகாத தளங்களைத் தடுக்கும் வடிகட்டியை அரசாங்கமே போட வேண்டும், வேண்டாம் என்பவர்கள் எழுதிக் கொடுத்து நீக்கிக்கொள்ளட்டும். ஆஸ்திரேலியா மாதிரி 16 வயதுக்குக் கீழ் சமூக ஊடகம் கூடாது. தடுப்பைத் தாண்டிப் போக உதவும் விபிஎன்னைத் தடை செய்ய வேண்டும். இதுதான் மனு. 200 பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அடுத்த மக்கள் சந்திப்பில் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கொடுக்கப் போகிறார்கள். "உன் பிள்ளைக்காகத்தான் எழுதினோம், நீயே போடலைன்னா எப்படி?" என்று கேட்கிறார்கள். இதெல்லாம் உண்மையில் வேலை செய்யுமா அக்கா? எனக்குத் தொழில்நுட்பம் தெரியாது. கையெழுத்துப் போடலாமா?

பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய், செங்காங்

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

மனுவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அதற்கு வருகிறேன். முதலில் மகளின் விஷயத்தை முடித்துவிடுவோம். போலீசில் புகார் கொடுத்ததாகக் கடிதத்தில் எங்கும் இல்லை.

அந்த அரட்டையை அழிக்காதீர்கள். அவனுடைய கணக்குப் பெயர், பேசிய தேதி, நேரம் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, அதற்குப் பிறகே அந்தக் கணக்கைத் தடுங்கள். பக்கத்து அக்கம்பக்கக் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். 16 வயதுக்குட்பட்ட பிள்ளையிடம் பாலியல் நோக்கத்தோடு பேசுவதே 2020 முதல் நம் தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றம். மகள் படம் அனுப்பாததால் அவன் செய்தது குற்றம் இல்லை என்று ஆகிவிடாது. யாரிடம் போவது, எப்படிச் சொல்வது என்று திகைப்பாக இருந்தால் 1800-777-0000 என்ற தேசிய உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். அந்த ஸ்கிரீன்ஷாட்டை எந்த வாட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள், உங்கள் தங்கைக்குக்கூட அனுப்பாதீர்கள்.

இன்னொன்று. இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்துவிட்டு, அப்புறம் உங்களிடம் வந்து சொன்னாள் என்று எழுதியிருக்கிறீர்களே, இந்தக் கடிதத்திலேயே நல்ல செய்தி அதுதான். எந்த வடிகட்டியும், எந்தச் சட்டமும், எந்தக் கம்பெனியும் அவளைக் காப்பாற்றவில்லை. அவள் வாய் திறந்ததுதான் காப்பாற்றியது. மனுவின் ஒவ்வொரு வரியையும் நான் இதை வைத்துத்தான் பார்க்கிறேன். அவள் இன்னொரு முறை வாய் திறக்க இது உதவுமா, தடுக்குமா?

நான் 24 வருடமாக இணையக் கட்டமைப்புகளில் வேலை பார்க்கிறேன். அதில் பாதி நாள், எந்தத் தளத்தைத் தடுப்பது, எதைத் திறந்துவிடுவது என்ற பட்டியல்களை இயந்திரத்தில் ஏற்றும் குழுக்களில் இருந்தேன். அதனால் அரசியல் கட்டுரையாக எழுதாமல், அந்த வேலையைக் கையால் செய்தவளாக எழுதுகிறேன்.

உங்கள் மகளின் கைப்பேசி ஒரு தளத்தைத் திறக்க வேண்டுமென்றால், அதன் பெயரைச் சொல்லி முகவரி கேட்கும். அதற்குப் பதில் சொல்லும் கணினிக்கு டிஎன்எஸ் என்று பெயர். பழைய தொலைபேசிப் புத்தகம் மாதிரி. தடுப்புப் பட்டியல் என்றால் பெரும்பாலும் இந்தப் புத்தகத்தில் சில பெயர்களுக்குத் தப்பான எண்ணை எழுதி வைப்பதுதான். கைப்பேசி தப்பான வாசலில் போய் நிற்கும், "இந்தத் தளம் கிடைக்காது" என்று ஒரு பக்கம் வரும். வேலை அவ்வளவுதான்.

இது சிங்கப்பூருக்குப் புதிதும் இல்லை. 1996இல் இணைய உள்ளடக்கத்துக்கு உரிம விதிகள் வந்த காலத்திலிருந்தே இங்கே தடுப்பு உண்டு. சுமார் 100 தளங்களைக் கொண்ட ஒரு பட்டியல் இருக்கிறது. அது நம் சமூகத்தின் மதிப்பீடுகளைக் காட்டும் ஓர் அடையாளம்தான் என்று அதிகாரிகளே வெளிப்படையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். இணையத்தில் இருக்கும் ஆபாசத்தையெல்லாம் 100 பெயர்களால் தடுக்கலாம் என்று அவர்களும் நினைக்கவில்லை. 2013இல் கள்ளத்தொடர்புக்கு ஆள் சேர்த்த ஆஷ்லி மேடிசன் தளத்தைத் தடுத்தார்கள். 2015 முதல் சூதாட்டத் தளங்களைத் தடுக்கிறார்கள். திருட்டுப் படத் தளங்களை உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் தடுக்கிறார்கள். குழந்தைகளைக் கொடுமைப்படுத்தி எடுக்கும் படங்கள், வங்கி மாதிரி வேஷம் போட்டு ஏமாற்றும் தளங்கள், இவற்றைத் தடுப்பதில் எனக்குச் சிறிதும் மறுப்பு இல்லை. நானே இரவு இரண்டு மணிக்கு எழுந்து தடுத்திருக்கிறேன்.

மனுவின் முதல் கோரிக்கையில் இருக்கும் வடிகட்டி ஏற்கனவே இருக்கிறது என்பது உங்கள் குழுவில் பலருக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். நம் இணையச் சேவை நிறுவனங்கள் வாடிக்கையாளருக்கு வடிகட்டிச் சேவையைக் கட்டாயம் முன்வைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. வேண்டும் என்று சொன்னால் போட்டுத் தருவார்கள். கையெழுத்துப் போட்ட 200 பேரில் எத்தனை வீட்டில் அது ஓடுகிறது என்று குழுவில் கேட்டுப் பாருங்கள். யாரையும் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. பயன்படுத்திப் பார்த்தவர்களுக்குத்தான் அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்திருக்கும். அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு மனு எழுதினால் மனுவே மாறிவிடும்.

உங்கள் மகன் வயதுப் பிள்ளைக்கு அது உதவும். ஏதோ தேடப்போய் வேறு எதிலோ போய் விழுவதைப் பெருமளவு குறைக்கும். போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் மகளுக்கு நடந்தது வேறு. அவன் ஒரு கெட்ட தளத்திலிருந்து வரவில்லை. லட்சக்கணக்கான பிள்ளைகள் ஆடும் ஒரு விளையாட்டின் அரட்டைப் பெட்டிக்குள் இருந்து வந்தான். வடிகட்டியின் கண்ணுக்கு அந்த விளையாட்டின் பெயர் மட்டும்தான் தெரியும். உள்ளே ஓடும் பேச்சு முழுவதும் பூட்டிய உறைக்குள் போகிறது. வகுப்புத் தோழி "நாளைக்கு கணக்கு டெஸ்ட்" என்று எழுதியதா, இவன் படம் கேட்டதா என்று வடிகட்டியால் பிரித்துப் பார்க்க முடியாது. விளையாட்டு மொத்தத்தையும் தடுக்கலாம், இல்லை மொத்தத்தையும் விடலாம். இடையில் வழி இல்லை.

இன்னும் ஒன்று சொல்கிறேன். போன வருடம் புக்கிட் பாத்தோக்கில் என் அண்ணன் வீட்டில் அவர் கேட்டார் என்று நானே வடிகட்டி போட்டுக் கொடுத்தேன். அவருடைய மகனுக்கு 15 வயது. சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். "முடிஞ்சுதா அத்தை?" என்றான். முடிந்தது என்றேன். கைப்பேசியில் வைஃபையை அணைத்தான், சிம் கார்டின் டேட்டாவில் திறந்து காட்டினான். சரி, மடிக்கணினியில் செய்து காட்டு என்றேன். அமைப்புக்குள் போய் டிஎன்எஸ் என்ற இடத்தில் நான்கு எண்களை மாற்றினான். அண்ணி தேநீர் கலக்கி முடிப்பதற்குள் தளம் திறந்துவிட்டது. யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். "எல்லாருக்கும் தெரியும் அத்தை, பஸ்ல பேசிக்குவோம்" என்றான். அவன் கெட்ட பையன் இல்லை. அவன் வயதில் பூட்டு என்றால் திறந்து பார்க்கத்தான் தோன்றும்.

பூட்டு கெட்டிக்காரப் பிள்ளையைத் தடுக்காது என்பதோடு போனால் பரவாயில்லை. அது யாரைத் தடுக்கும் என்பதைத்தான் நான் வேலையில் பார்த்தேன். பல வருடம் முன்பு நான் இருந்த ஓர் நிறுவனத்தில், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓர் உத்தரவு வந்தது. ஒரு மோசடித் தளத்தைத் தடுக்க வேண்டும். பெயருக்குப் பதில் அதன் எண் முகவரியைக் கொடுத்திருந்தார்கள். ஏற்றினேன், வீட்டுக்குப் போனேன். சனிக்கிழமை காலை ஒரு துணைப்பாட நிலையத்தை நடத்தும் அம்மா அழைத்தார். அவருடைய தளம் திறக்கவில்லை. தேர்வு நேரம், பெற்றோர் பணம் கட்டும் பக்கம் அதில்தான் இருந்தது. ஒரே எண்ணில் பல கடைகளும் நிலையங்களும் தளம் வைத்திருந்தன. அடுக்குமாடியில் ஒரு வீட்டைப் பூட்டச் சொன்னதற்கு லிஃப்டையே நிறுத்திவிட்டேன். பட்டியல் ரகசியம் என்பதால் அவரிடம் காரணம்கூடச் சொல்ல முடியவில்லை. "பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று மட்டும் சொன்னேன். திங்கட்கிழமை மதியம் சரி செய்தோம். அந்தக் குரல் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இது என் ஒருத்தியின் கவனக்குறைவு மட்டும் என்றால் சொல்லியிருக்க மாட்டேன். 2013இல் ஆஸ்திரேலியாவின் பங்கு, முதலீட்டு ஆணையம் மோசடித் தளங்களைத் தடுக்கப்போய் இதே தவற்றைச் செய்தது. ஒரே எண்ணில் பல தளங்கள் இருக்கும் என்பது உத்தரவு போட்டவர்களுக்குத் தெரியவில்லை. மெல்பர்னில் இலவச வகுப்பு நடத்திய ஓர் அமைப்பு உட்பட ஏறக்குறைய 1,200 தளங்கள் விழுந்தன. விசாரித்தபோது அதற்கு முந்தைய ஓர் உத்தரவில் சுமார் 2,50,000 தளங்கள் அடைபட்டிருந்தது தெரிந்தது. அவற்றில் பெரும்பாலானவை வெற்றுத் தளங்கள், உண்மைதான். ஆனால் அத்தனை அடைபட்டதே செய்தவர்களுக்குத் தெரியவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பிரிட்டனில் 2008 டிசம்பரில் ஓர் இசைத்தட்டின் அட்டைப்படத்துக்காக விக்கிப்பீடியாவின் ஒரு பக்கத்தைத் தடுத்தார்கள். அந்த நாட்டில் பலரால் நாலு நாள் விக்கிப்பீடியாவில் எதையும் திருத்தவே முடியவில்லை.

உங்கள் குழு ஆஸ்திரேலியாவை உதாரணம் காட்டுவதால் அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அங்கே இது இரண்டு முறை நடந்தது.

முதல் முறை 2007. தேர்தல் வருடம். அப்போதைய அரசாங்கம் வீடுகளுக்கு இலவச வடிகட்டி மென்பொருள் கொடுத்தது. அந்தத் திட்டத்துக்கு 84 மில்லியன் ஆஸ்திரேலிய வெள்ளி. மெல்பர்னில் 16 வயதுப் பள்ளி மாணவன் ஒருவன் அரை மணி நேரத்தில் அதைத் தாண்டிக் காட்டினான். எதிர்க்கட்சி ஒரு படி மேலே போய், நாட்டில் எல்லா இணைய இணைப்பையும் நிறுவனங்களே வடிகட்டும் என்று வாக்குறுதி கொடுத்து வென்றது. அமைச்சர் ஸ்டீபன் கான்ராய் ஐந்து வருடம் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தார். 2009 மார்ச்சில் ஊடக ஒழுங்குமுறை ஆணையத்தின் ரகசியத் தடுப்புப் பட்டியல், கசிந்த ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் தளத்தில் வெளியானது. அதில் குவீன்ஸ்லாந்தில் ஒரு பல் மருத்துவரின் தளமும், நாய்களைப் பராமரிக்கும் ஓர் இடத்தின் தளமும் இருந்தன. கடைசியில் 2012 நவம்பரில் கட்டாய வடிகட்டியைக் கைவிட்டு, இன்டர்போல் வைத்திருக்கும் குழந்தைக் கொடுமைத் தளப் பட்டியலை மட்டும் தடுப்பது என்று முடித்தார்கள். அந்த முடிவை முதல் நாளே எடுத்திருக்கலாம். யாருக்கும் ஆட்சேபம் இருந்திருக்காது. ஆனால் தேர்தல் மேடையில் அதற்குக் கைதட்டல் விழுந்திருக்காது.

இரண்டாவது முறை 2024. 16 வயதுச் சட்டம். நவம்பர் 21ஆம் தேதி மசோதாவைத் தாக்கல் செய்தார்கள், அடுத்த வாரக் கடைசிக்குள் நிறைவேற்றிவிட்டார்கள். பொதுமக்கள் கருத்து எழுத ஒரே ஒரு நாள் கொடுத்தார்கள், அந்த ஒரு நாளில் ஏறக்குறைய 15,000 பேர் எழுதினார்கள். யூடியூபுக்கு முதலில் விலக்கு என்றார்கள், 2025 ஜூலையில் விலக்கு இல்லை என்றார்கள். அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். அது பிள்ளையையோ பெற்றோரையோ தண்டிப்பதில்லை. தளங்களுக்குத்தான் 49.5 மில்லியன் ஆஸ்திரேலிய வெள்ளி வரை அபராதம். பொறுப்பை இணைப்புக் கொடுப்பவரிடமிருந்து தளத்தை நடத்துபவரிடம் மாற்றியது சரியான திசை.

ஆனால் இதைக் கவனியுங்கள். 2025 டிசம்பர் 10ஆம் தேதி அது நடப்புக்கு வந்தபோது பட்டியலில் பத்துத் தளங்கள் இருந்தன. ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டாக், ஸ்னாப்சாட், யூடியூப் மாதிரியானவை. விளையாட்டுத் தளமான ரோப்லாக்ஸ் அதில் இல்லை. அரட்டைச் செயலிகளான டிஸ்கார்டும் வாட்ஸ்அப்பும்கூட இல்லை. உங்கள் மகளிடம் அவன் வந்தது ஒரு விளையாட்டு வழியாக. அந்தச் சட்டத்தை எழுத்துக்கு எழுத்து நாளைக்கே இங்கே கொண்டுவந்தாலும் அவன் வந்த வாசல் திறந்தேதான் இருக்கும். உங்கள் பிள்ளைக்காக எழுதிய மனு உங்கள் பிள்ளைக்கு நடந்ததைத் தொடவே இல்லை, தங்கை.

இதை எழுதியவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் பயம் உண்மையானது. பயந்து நிற்கும் 200 பேர் "தடை" என்ற ஒரு சொல்லோடு வந்து நிற்கும்போது எந்த அரசியல்வாதிக்கும் அதைத் திருப்பிச் சொல்வது சுலபம். அறிவித்த அன்றே பலன் கிடைத்த மாதிரி ஓர் ஆறுதல் வந்துவிடும். இரண்டு வருடம் கழித்து வேலை செய்ததா என்று அளந்து பார்க்கும் நாளுக்கு யாரும் வருவதில்லை. தென்கொரியாவில் 2011இல் 16 வயதுக்குட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை ஆறு வரை கணினியில் இணைய விளையாட்டு ஆடக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். பிள்ளைகள் அம்மா அப்பாவின் அடையாள எண்ணைப் போட்டு ஆடினார்கள், கைப்பேசி விளையாட்டுக்கு மாறினார்கள். பத்து வருடம் சட்டப் புத்தகத்தில் இருந்துவிட்டு 2022 ஜனவரியோடு அது போனது. பக்கத்தில் மலேசியாவைப் பாருங்கள். 2024 செப்டம்பரில், கூகல், கிளவுட்ஃபிளேர் மாதிரி வெளி டிஎன்எஸ்களுக்குப் போகும் கேள்விகளையெல்லாம் உள்ளூர் டிஎன்எஸ்ஸுக்குத் திருப்ப வேண்டும் என்று நிறுவனங்களுக்கு உத்தரவு போனது. மக்கள் கொதித்ததும் சில நாளிலேயே அமைச்சர் நிறுத்தச் சொல்லிவிட்டார். அவசரத்தில் போட்டதை அவசரத்தில் எடுத்தார்கள். நடுவில் ஒரு பிள்ளைக்காவது நன்மை நடந்ததா?

விபிஎன் தடையைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. விபிஎன் என்றால் நம் இணையப் போக்குவரத்தைப் பூட்டிய உறைக்குள் போட்டு வேறொரு கணினி வழியாக அனுப்பும் வசதி. வீட்டிலிருந்து அலுவலக வேலை பார்ப்பவர்களில் நிறையப் பேர் அது வழியாகத்தான் போகிறார்கள். உங்கள் குழுவிலேயே பலர் இருப்பார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். பிரிட்டனில் 2025 ஜூலை 25இல் ஆபாசத் தளங்களுக்கு வயதுச் சோதனை நடப்புக்கு வந்ததும், அங்கே அதிகம் பதிவிறக்கிய செயலிகளில் விபிஎன் செயலிகள் முன்னுக்கு வந்துவிட்டன. பிள்ளைகள் எடுப்பது காசு கொடுக்கும் விபிஎன் இல்லை, இலவச விபிஎன். அவற்றில் சில, போகும் வரும் விவரங்களைத் திரட்டி விற்றுப் பிழைக்கின்றன. வடிகட்டியிலிருந்து தப்பப்போய் அதைவிட மோசமான கையில் போய் மாட்டுவார்கள்.

வயதை நிரூபிக்க அடையாள அட்டை கேட்பதிலும் ஒரு செலவு இருக்கிறது, அதைப் பெரியவர்களும் கட்ட வேண்டும். 2007இல் தென்கொரியா இணையத்தில் கருத்து எழுத உண்மைப் பெயரைக் கட்டாயமாக்கியது. 2011இல் ஒரே திருட்டில் மூன்றரைக் கோடிப் பயனர்களின் விவரங்கள் போயின. மறு வருடம் அரசமைப்பு நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்றது. 2025 அக்டோபரில் டிஸ்கார்டின் ஒப்பந்த நிறுவனம் ஒன்றிலிருந்து சுமார் 70,000 பயனர்களின் அடையாள அட்டைப் படங்கள் கசிந்தன. தங்கள் வயது சரி என்று நிரூபிக்க அவர்கள் அனுப்பி வைத்த படங்கள் அவை.

இவ்வளவும் சொன்னாலும் எனக்கு எல்லாவற்றையும்விடக் கவலை தருவது உங்கள் மகள் அழுதுகொண்டே சொன்ன அந்த ஒரு வரிதான். அவள் சொன்னாள், ரவுட்டர் போனது. உண்மையைச் சொன்னதற்குக் கைப்பேசியைப் பறிகொடுத்தாள். உங்கள் கணவர் பயத்தில் செய்தார், எந்தத் தகப்பனும் செய்வார். ஆனால் அவள் கற்றுக்கொண்டது என்ன? அடுத்த முறை சொல்லக் கூடாது. இதே பாடத்தை ஒரு நாடே எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 16 வயதுக்குக் கீழ் கணக்கு வைத்திருப்பதே தப்பு என்றாகிவிட்டால், பொய் வயது போட்டு உள்ளே போன 13 வயதுப் பிள்ளை, ஒருவன் மிரட்டும்போது யாரிடம் போய்ச் சொல்லும்? சட்டம் பிள்ளையைத் தண்டிக்காது என்று நமக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்கு அது தெரியுமா? "நீ இதைச் சொன்னால் நீயும் மாட்டுவாய்" என்று அவன்தானே முதலில் சொல்வான். இப்படிப்பட்டவர்களுக்குப் பிள்ளையின் குற்ற உணர்ச்சியைவிட நல்ல ஆயுதம் கிடையாது.

அதனால், இப்போது இருக்கும் வடிவில் மனுவில் கையெழுத்துப் போடாதீர்கள். சும்மா விலகிக்கொள்ளவும் வேண்டாம். அதைத் திருத்தி எழுதச் சொல்லுங்கள். கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது.

2023 பிப்ரவரியில் நம் நாட்டில் இணையப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம் நடப்புக்கு வந்தது. அதே வருடம் ஜூலையில் சமூக ஊடகத் தளங்களுக்கான நடத்தை விதித்தொகுப்பு வந்தது. ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டாக், எக்ஸ், யூடியூப், உள்ளூர்க் கருத்துக்களமான ஹார்ட்வேர்ஸோன் ஆகிய ஆறு தளங்கள் பிள்ளைகளைக் காக்க என்ன செய்கின்றன என்று ஆண்டுதோறும் அறிக்கை கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுக்களில் யாரும் பகிராத செய்தி இது. 2025இல் வெளிவந்த மதிப்பீட்டில், பயனர் புகார் செய்தால் இவற்றில் பெரும்பாலானவை நடவடிக்கை எடுக்கச் சராசரியாக ஐந்து நாள் அல்லது அதற்கும் மேல் ஆகிறது என்று இருந்தது. ஐந்து நாள்! உங்கள் மகள் இரண்டு நாளைத் தாங்க முடியாமல் சாப்பாட்டை விட்டாள். அதைவிட முக்கியம், அந்த ஆறில் ஒரு விளையாட்டுத் தளம்கூட இல்லை.

மனுவில் முதல் வரியாக இதை எழுதச் சொல்லுங்கள்: பிள்ளைகள் ஆடும் விளையாட்டுகளின் அரட்டையையும் அந்த விதித்தொகுப்புக்குள் கொண்டுவர வேண்டும். 16 வயதுக்குட்பட்ட கணக்குக்கு முன்பின் தெரியாதவர் எழுதும் வசதி, கணக்கைத் திறக்கும்போதே அணைந்திருக்க வேண்டும். பிள்ளையிடம் படம் கேட்டதாக வரும் புகாருக்கு ஒரே நாளில் பதில் வர வேண்டும், எத்தனை புகார் வந்தது, எத்தனைக்குப் பதில் போனது என்பது ஆண்டுதோறும் வெளிவர வேண்டும். 2025 நவம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில் இணையப் பாதுகாப்பு ஆணையம் ஒன்றுக்கு வழி செய்திருக்கிறார்கள். 13 வயதுப் பிள்ளை அங்கே தானாகப் போய் எளிய மொழியில், தமிழிலும், புகார் சொல்ல முடியுமா என்று உங்கள் உறுப்பினரிடம் கேளுங்கள். தடுப்புப் பட்டியல் விரிவாக வேண்டும் என்று குழுவினர் விடாப்பிடியாக இருந்தால், அதையும் கேட்கட்டும். ஆனால் பட்டியலில் எத்தனை தளம் என்பது வெளியே தெரிய வேண்டும், தவறாக அடைபட்டவர் முறையிட ஓர் இடம் வேண்டும், ஒரு வருடம் கழித்துப் பலனை அளந்து பார்க்க வேண்டும். அந்தத் துணைப்பாட நிலைய அம்மாவுக்கு நான் கொடுக்க முடியாமல் போனது இதுதான்.

வீட்டைப் பொறுத்தவரை, ரவுட்டரை வெளியே எடுங்கள். பள்ளி கொடுத்த கணினிக்கும் அது வேண்டும். அதில் ஏற்கனவே ஒரு கட்டுப்பாட்டுச் செயலி இருக்கிறது, பள்ளி முடிந்த நேரத்துக்கு எந்த அளவு கட்டுப்பாடு வேண்டும் என்று பெற்றோரே தேர்ந்தெடுக்கலாம். அந்தப் படிவத்தை முதல் வருடம் யோசிக்காமல் நிரப்பியிருப்பீர்கள், இப்போது எடுத்துப் பாருங்கள். கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்கும்போது மகளோடு உட்கார்ந்து அந்த விளையாட்டின் அமைப்பைத் திறந்து, நண்பர்கள் மட்டும் பேசலாம் என்று அவள் கையாலேயே மாற்றச் சொல்லுங்கள். இரவில் வீட்டில் எல்லாருடைய கைப்பேசியும் கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜில் இருக்கட்டும், அப்பாவுடையதும் சேர்த்து. அப்புறம், கணவர் அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நீண்ட அறிவுரை வேண்டாம். "நீ வந்து சொன்னது நல்லதும்மா, பயத்துல கத்திட்டேன்" என்றால் போதும்.

குழுவில் என்ன சொல்வது என்று தயங்காதீர்கள். மனுவை நிறுத்தச் சொல்லவில்லை, நம் பிள்ளைக்கு நடந்ததை அது தொடவில்லை, தொடும்படி மாற்றுவோம் என்று சொல்லுங்கள். கேட்பார்கள். நாலைந்து பேர் முகம் சுளிக்கலாம். தாய் என்ற முறையில் அந்த மனுவில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்ல உங்களைவிட உரிமை உள்ளவர் அந்தக் குழுவில் யாரும் இல்லை.

புது மனுவை எழுதி முடித்ததும், மகளுக்கு விருப்பம் இருந்தால் ஒரு முறை படிக்கக் கொடுங்கள். அந்த அரட்டைப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் அவள். புகார் செய்யும் பொத்தான் எங்கே இருந்தது, அதை அழுத்தினாளா, அழுத்தியபின் என்ன வந்தது என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். அவள் ஏதாவது திருத்தினால் அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா